பத்தும் விழுந்துச்சு, கட்டம் ஏன் காலி? மதுரையில் ஒரு பவுலிங் கூடம்

பவுலிங் போறோம் என்று சொன்னால் நம்ம ஊரில் பாதிப் பேர் கிரிக்கெட் வலைப்பயிற்சி என்றுதான் நினைக்கிறார்கள். நான் சொல்வது டென்பின் பவுலிங். கனமான பந்தை நீளமான தளத்தில் உருட்டிவிட்டு, அந்தக் கடைசியில் முக்கோணமாக நிற்கும் பத்துப் பின்களைச் சாய்க்கிற ஆட்டம். மதுரையில் ஒரு மாலின் மேல்மாடியில் ஆறு லேன் போட்டு நடத்துகிறார்கள். ரெண்டு மாதத்தில் நான்கு முறை குடும்பத்தோடு போய் வந்த பிறகு இதை எழுதுகிறேன். கூடத்தின் பெயரை எழுதவில்லை. குறைகளை அங்கேயே மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், சரிசெய்கிறேன் என்று அவரும் சொல்லியிருக்கிறார், அதற்குள் பெயரைப் போட்டு எழுதுவது முறையில்லை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். லேன் நல்ல லேன், ஏசி நன்றாக இருக்கிறது, பையன்கள் மரியாதையாகப் பேசுகிறார்கள். ஒன்றரை மதிப்பெண்ணைக் குறைத்ததில் பெரிய பங்கு ஒரே காரணத்துக்கு: ஸ்கோர் எப்படி ஏறுகிறது என்று அங்கே யாரும் சொல்லித் தருவதில்லை. ஷூவைக் கொடுக்கிறார்கள், பந்தைக் காட்டுகிறார்கள், திரையில் பெயரை அடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலே திரையில் எக்ஸ், சாய்கோடு, சின்னக் கோடு, காலிக் கட்டம் என்று என்னென்னவோ ஓடுகிறது. பக்கத்து லேன்களில் நான் பார்த்தவரை பத்துக் குடும்பத்தில் எட்டுக் குடும்பம் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, 'மெஷின் தப்பாக் காட்டுது' என்றுதான் பேசிக்கொள்கிறது. மெஷின் சரியாகத்தான் காட்டுகிறது. அதைப் படிக்கத் தெரிந்தால் இந்த ஆட்டத்தின் ருசியே வேறு.

முதல் தடவை என் மாமாவைக் கூட்டிப் போயிருந்தேன். அம்மாவின் தம்பி. மில்லில் முப்பது வருஷம் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். காய்கறிக் கடைச் சீட்டைக்கூட ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மடிப்பார். முதல் மூன்று ஃப்ரேமில், அதாவது மூன்று சுற்றில், அவருக்கு 30 வந்திருந்தது. நாலாவது ஃப்ரேமில் முதல் பந்திலேயே பத்தும் சாய்ந்தன. கூடமே கை தட்டியது. மாமா திரும்பித் திரையைப் பார்த்தார். நாலாவது கட்டத்தில் ஒரு எக்ஸ், அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"என்ன மாப்ள, பத்தும் விழுந்துச்சு, கட்டம் காலியாக் கிடக்கு?"

அங்கிருந்த பையன் "தானா வந்துரும் சார்" என்றான். அடுத்த ஃப்ரேமில் மாமா முதல் பந்தில் 7 சாய்த்தார், ரெண்டாவது பந்தில் மீதி மூன்றையும் சாய்த்தார். அந்த நொடியில் நாலாவது கட்டத்தில் 50 என்று வந்தது. ஐந்தாவது கட்டம் இப்போது காலி. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "முப்பதும் பத்தும் நாப்பதுதானே? அம்பது எங்கிருந்து வந்துச்சு? இந்தப் பத்து எங்க போச்சு?" நியாயமான கேள்வி. பணம் கட்டி விளையாட வந்தவருக்குப் பதில் சொல்லவேண்டியது கூடத்தின் வேலை. அந்தப் பையனுக்கும் தெரியவில்லை. பாவம், அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அதையே இங்கேயும் எழுதுகிறேன், போவதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆட்டத்துக்குப் பத்து ஃப்ரேம். ஒவ்வொரு ஃப்ரேமிலும் பத்துப் பின்களைச் சாய்க்க ரெண்டு பந்து. ரெண்டு பந்து போட்டும் மிச்சம் நின்றால் அது ஓபன் ஃப்ரேம், விழுந்ததை மட்டும் கூட்டிக்கொள்வார்கள், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் ஸ்டிரைக், திரையில் எக்ஸ். அந்த ஃப்ரேமுக்குப் பத்தோடு, அதற்கு அடுத்து நீங்கள் போடும் ரெண்டு பந்தில் விழுவதையும் சேர்த்துக் கொடுப்பார்கள். ரெண்டு பந்திலும் சேர்ந்து பத்து விழுந்தால் ஸ்பேர், திரையில் சாய்கோடு. அதற்குப் பத்தோடு அடுத்த ஒரு பந்தில் விழுவது சேரும். அடுத்த பந்தைப் போடாமல் கூட்டல் முடியாது. அதனால்தான் கட்டம் காலியாக நிற்கிறது. ஒன்றும் விழாத பந்துக்குச் சின்னக் கோடு.

மாமாவின் நாலாவது ஃப்ரேம்: 10, அடுத்த ரெண்டு பந்தில் 7, 3. ஆக 20. முன்னிருந்த 30 சேர்த்து 50. ஐந்தாவது ஃப்ரேம் ஸ்பேர். ஆறாவதின் முதல் பந்தில் 5 விழுந்தது. 10, 5 ஆக 15, மொத்தம் 65. ஆறாவதில் 5, 4 ஆக 9, மொத்தம் 74. அந்த 5 ரெண்டு இடத்தில் கணக்காகியிருக்கிறது பாருங்கள், ஒருமுறை ஸ்பேருக்காக, ஒருமுறை தன் ஃப்ரேமுக்காக. மாமா பில்லை வாங்கி மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு விரலை வைத்து வைத்துப் பார்த்தார். "அப்ப இது பாக்கிக் கணக்கு. ஸ்டிரைக்குன்னா ரெண்டு தவணை, ஸ்பேருன்னா ஒரு தவணை. வசூல் ஆனப்புறம்தான் பேரேட்டுல ஏறும்." இதைவிடத் தெளிவாக நான் எங்கேயும் வாசித்ததில்லை.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஒருவர் பத்து ஃப்ரேமிலும் முதல் பந்தில் 9 சாய்த்து, மிச்சமிருக்கும் ஒற்றைப் பின்னை ஒவ்வொரு தடவையும் தவறவிட்டால் ஸ்கோர் 90. அதே ஆள், அதே 9, ஆனால் அந்த ஒற்றைப் பின்னை ஒவ்வொரு தடவையும் சாய்த்துவிட்டு, பத்தாவதில் ஸ்பேர் எடுத்ததற்குக் கிடைக்கும் கடைசிக் கூடுதல் பந்திலும் 9 எடுத்தால் 190. முதல் பந்து கொஞ்சம்கூட மாறவில்லை, ரெண்டாவது பந்து மட்டும்தான் மாறியது, 100 வித்தியாசம்! ஸ்டிரைக், ஸ்பேர் என்று மாறி மாறி கடைசிவரை போனால் சரியாக 200 வரும், அதை டச்சு 200 என்பார்கள். நம் ஆட்கள் எல்லோரும் முதல் பந்துக்கு மூச்சைப் பிடித்து வேகமாக எறிகிறார்கள், ரெண்டாவது பந்தைக் கடமைக்கு உருட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆட்டம் ரெண்டாவது பந்தில்தான் இருக்கிறது. இது தெரிந்த அன்றிலிருந்து என் அக்கா மகள், பதினோரு வயது, ரெண்டாவது பந்துக்கு முதல் பந்தைவிட அதிக நேரம் நின்று குறி பார்க்கிறாள்.

பின்களுக்கு நம்பர் உண்டு. முன்னால் தனியாக நிற்பது 1, அதுதான் ஹெட்பின். அதற்குப் பின்னால் இடமிருந்து வலமாக 2, 3. அப்புறம் 4, 5, 6. கடைசி வரிசையில் 7, 8, 9, 10. வலது கைக்காரர்கள் ஹெட்பின்னை நேர் நடுவில் அடிக்கக் கூடாது. 1க்கும் 3க்கும் நடுவே இருக்கும் இடம்தான் பாக்கெட், பந்து அங்கே நுழைய வேண்டும். இடது கைக்காரர்களுக்கு 1க்கும் 2க்கும் நடுவே. நேர் நடுவில் அடித்தால் நடுப்பின்கள் எல்லாம் பறந்துவிட்டு ரெண்டு ஓரத்திலும் பின்கள் நின்றுகொள்ளும். அதுதான் ஸ்பிளிட். 7, 10 மட்டும் ரெண்டு மூலையில் தனித்தனியாக நின்றால் அதைவிடக் கஷ்டமானது ஏறக்குறைய எதுவுமில்லை, தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே அபூர்வமாகத்தான் விழும். 4, 6, 7, 10 நின்றால் பிக் ஃபோர். 3, 10 மாதிரி கொஞ்சம் பக்கத்தில் நின்றால் பேபி ஸ்பிளிட், அது ஒரே பந்தில் ரெண்டையும் தொட்டுப் போகும் அளவுக்குச் சாத்தியமானது. வலது கைக்காரர் போட்ட பந்து தப்பிப் போய் 1க்கும் 2க்கும் நடுவே நுழைந்து விழுந்தால் புரூக்ளின். பந்து ஓரத்துக் கால்வாயில் இறங்கிவிட்டால் கட்டர். தொடர்ந்து ரெண்டு ஸ்டிரைக் டபுள், மூன்று என்றால் டர்க்கி. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வான்கோழியைப் பரிசாகக் கொடுத்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். மூன்றாவது தடவை போனபோது பக்கத்து லேனில் ஒரு கல்லூரிப் பெண் தொடர்ந்து மூன்று ஸ்டிரைக் போட்டார், திரையில் வான்கோழி ஓடியது, அவரோடு வந்தவர்களுக்கு அது ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை. சுவரில் தமிழில் ஒரு பலகை மாட்டினால் போதும், அந்த இடத்தில் இன்னும் பெரிய கொண்டாட்டம் நடந்திருக்கும்.

ஓரத்துப் பின்னைச் சாய்க்க ஒரு வழி சொல்கிறேன். வலது மூலையில் 10 நின்றால் நீங்கள் இடது பக்கம் நகர்ந்து நின்று குறுக்காக உருட்டுங்கள். இடது மூலையில் 7 நின்றால் வலது பக்கம் நகருங்கள். குறுக்கே போகும்போது பந்துக்கு அதிக இடம் கிடைக்கிறது. நேராக ஓரத்தோடு உருட்டினால் பாதி கட்டரில்தான் போகும். அப்புறம், பின்களைப் பார்த்துக் குறி வைக்காதீர்கள். தளத்தில் கொஞ்ச தூரத்தில் ஏழு அம்புக்குறிகள் வரைந்திருக்கும். பந்தை விடும் கோட்டிலிருந்து ஹெட்பின்னுக்கு 60 அடி, அவ்வளவு தூரத்தில் இருப்பதைப் பார்ப்பதைவிடச் சுமார் 15 அடியில் இருக்கும் அம்பைப் பார்த்துப் பந்தை அதன் மேலே ஓட்டுவது சுலபம். வலது கைக்காரர் என்றால் வலமிருந்து ரெண்டாவது அம்பில் ஆரம்பித்துப் பாருங்கள்.

பந்து விஷயத்தில் கூடத்துக்கு நல்ல பெயர் கொடுக்கலாம். 6 பவுண்டிலிருந்து 14 பவுண்டு வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். விதிப்படி அதிகபட்சம் 16 பவுண்டு, ஏழே கால் கிலோ. ஆனால் யாருக்கு எது என்று சொல்ல ஆளில்லாததால் எல்லோரும் நிறத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். மாமா முதலில் எடுத்தது 14. மூன்றாவது ஃப்ரேமில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், 10க்கு மாற்றிய பிறகுதான் அந்த ஸ்டிரைக் விழுந்தது. எடையைவிட ஓட்டைதான் முக்கியம். நடுவிரலும் மோதிர விரலும் ரெண்டாவது கணுவரை உள்ளே போக வேண்டும். கட்டைவிரல் முழுசாகப் போய், சுற்றும்போது லேசாக உரசி, இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். இறுக்கினால் பந்து விடும்போது கை சிக்கும், தொளதொள என்றால் பந்து கையை விட்டுப் பின்னால் விழும். எடுத்ததும் ஒரு தடவை தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள். முக்கியமாக, உருளைக்கிழங்கு வறுவல் தின்ற கையோடு ஓட்டையில் விரலை விடாதீர்கள், உங்களுக்குப் பிறகு எடுப்பவருக்குப் பந்து வழுக்கும். ஒவ்வொரு லேனுக்கும் ஒரு துண்டு வைக்கலாம் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஷூவைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் நம் கண் முன்னாலேயே மருந்து அடித்துத் தருகிறார்கள், அதற்கு முழு மதிப்பெண். சாக்ஸ் கட்டாயம், வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். அந்த ஷூவோடு கழிவறைக்குப் போகாதீர்கள். அடிப்பகுதி வழுக்கிப் போவதற்காகவே செய்தது, ஈரம் பட்டால் அடுத்த தடவை கால் சரேலென்று நின்றுவிடும், உடம்பு முன்னால் போய்விடும். ஒருவர் முட்டி தேய விழுந்ததை நேரில் பார்த்தேன், அவர் அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கைகழுவும் இடத்திலிருந்து வந்தார்.

இப்போது குறை. அங்கே இருப்பது கயிறு கட்டிய பின் மெஷின், அதாவது ஒவ்வொரு பின்னின் தலையிலும் கயிறு, விழுந்ததும் மேலே இழுத்துத் திரும்ப நிறுத்தும். செலவு குறைவு, பராமரிப்பு குறைவு, அதனால் இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கயிறு பக்கத்துப் பின்னைத் தொட்டு இழுக்கும், கயிறில்லாத பின் பறக்கும் அளவுக்கு இது பறக்காது. அமெரிக்காவின் பவுலிங் அமைப்பு 2023இல் இதை ஏற்றுக்கொண்டபோதுகூடத் தனி வகையாகத்தான் ஏற்றுக்கொண்டது. சென்னையிலோ பெங்களூரிலோ கயிறில்லாத லேனில் எடுத்த ஸ்கோரோடு இங்கே எடுத்ததை ஒப்பிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

என் புகார் லேன் 3 பற்றி. அங்கே 10ஆம் பின்னின் கயிறு சிக்கி, பின் இறங்காமல் மேலேயே தொங்கியது. ஒன்பது பின்தான் நின்றது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அக்கா மகள் உருட்டிய பந்து நின்ற ஒன்பதையும் சாய்த்துவிட்டது. அவளுடைய வாழ்க்கையின் முதல் ஸ்டிரைக் என்று ரெண்டு கையையும் தூக்கிக் குதித்தாள். திரையில் 9. ரெண்டாவது பந்துக்கு அடிக்க எதிரே ஒன்றுமே இல்லை. நான் பையனைக் கூப்பிட்டேன், அவன் சிஸ்டம் என்ன காட்டுதோ அதுதான் என்றான். விதி அப்படியில்லை. பின் குறைவாக நின்றது பந்து போட்ட கையோடு தெரியவந்தால் அது டெட் பால், முழுசாகப் பத்தையும் நிறுத்தி அந்தப் பந்தைத் திரும்பப் போட விட வேண்டும். கால் மணி நேரம் பேசிய பிறகு மேனேஜர் வந்து ஸ்கோரைத் திருத்தி, திரும்பப் போடச் சொன்னார். அதற்குள் அவள் கண் கலங்கி உட்கார்ந்துவிட்டாள். "விடு மாமா, வேணாம்" என்றாள் என்னிடம். திரும்பப் போட்டதில் 6தான் விழுந்தது. நல்ல வேளை, ரெண்டாவது பந்தில் மிச்சம் நாலையும் எடுத்துவிட்டாள். கயிறு சிக்குவது எந்த மெஷினிலும் நடக்கும், அதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். அடுத்து என்ன செய்வது என்று அங்கே நிற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெய் பற்றியும் ஒரு வார்த்தை. லேனின் முன்பகுதியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்க வேண்டும், தளத்தைக் காப்பதும் பந்து வழுக்கிக்கொண்டு போய்க் கடைசியில் திரும்புவதும் அதனால்தான். எண்ணெய் இருந்தால் திரும்பி வரும் பந்தில் வளையமாக ஒரு தடம் ஒட்டியிருக்கும். லேன் 1, 2, 3இல் பந்தை எடுத்துப் பார்த்தேன், தடமே இல்லை, காய்ந்து கிடக்கிறது. 5, 6இல் தடம் தெரிகிறது. அங்கே இருக்கும் சாதாரணப் பிளாஸ்டிக் பந்து எப்படியும் நேராகத்தான் போகும் என்பதால் புதிதாக வருபவர்களுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, சுழற்றிப் போடப் பழகுபவர்களுக்குத் தெரியும்.

பந்து விடும்போது தாண்டக் கூடாத கோடுதான் ஃபவுல் லைன், அதன் எச்சரிக்கை விளக்கை அணைத்தே வைத்திருக்கிறார்கள். ஆட்டத்தில் அந்தக் கோட்டைத் தொட்டாலோ தாண்டினாலோ அந்தப் பந்தில் விழுந்தது எதுவும் கணக்கில் வராது. இங்கே பிள்ளைகள் கோட்டைத் தாண்டி எண்ணெய் இருக்கும் இடம்வரை ஓடிப்போய் எறிகிறார்கள். ஸ்கோர் ஒரு பக்கம் இருக்கட்டும், கால் வழுக்கினால் பின்மண்டை அடிபடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஓரத்தில் தடுப்பு போட்டுத் தருகிறார்கள், பந்தை வைத்துத் தள்ளிவிடச் சாய்வுச் சட்டமும் இருக்கிறது, கேட்டால்தான் கொடுக்கிறார்கள். கேளுங்கள்.

இது வெறும் மால் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டிலேயே பவுலிங் சேர்ந்துவிட்டது. நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த சபீர் தன்கோட் தேசியச் சாம்பியன் பட்டம் வென்றவர். சர்வதேச அமைப்பு வேறொரு கணக்கு முறையையும் கொண்டுவந்தது. அதில் ஸ்டிரைக் என்றால் உடனே 30, ஸ்பேர் என்றால் பத்தோடு அதே ஃப்ரேமின் முதல் பந்தில் விழுந்தது. கட்டம் காலியாக நிற்காது. பழைய முறையில் 300 எடுக்கப் பன்னிரண்டு ஸ்டிரைக் தொடர்ந்து வேண்டும், இதில் பத்து போதும். மாமாவிடம் சொன்னேன், "பாக்கி இல்லாத கணக்குல என்ன இருக்கு" என்று பழைய முறையையே பிடித்துக்கொண்டார். எனக்கும் அதுதான் பிடிக்கிறது. போட்டது என்ன ஆகப்போகிறது என்று அடுத்த பந்துவரை காத்திருப்பதில் ஒரு படபடப்பு இருக்கிறது.

பத்தாவது ஃப்ரேமுக்குத் தனி விதி. அதில் ஸ்டிரைக்கோ ஸ்பேரோ எடுத்தால், சேர்க்க அடுத்த ஃப்ரேம் இல்லையே, அதனால் அங்கேயே கூடுதல் பந்து தருவார்கள், மொத்தம் மூன்று பந்துவரை. அந்த முதல் நாள் ஆட்டத்தில் ஏழிலிருந்து ஒன்பதுவரை மாமாவுக்குச் சரியாக அமையவில்லை. ஒரு கட்டர்கூடப் போனது. ஒன்பதாவது முடிவில் 93. பத்தாவதில் முதல் பந்து 7. வலது ஓரத்தில் 6, 9, 10 நின்றன. மாமா இடது பக்கம் நகர்ந்து நின்றார், பந்தைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு அம்பையே பார்த்தார், மெதுவாகத்தான் உருட்டினார், பந்து குறுக்கே போய் மூன்றையும் படுக்க வைத்தது. ஸ்பேர். கூடுதல் பந்தில் 4 விழுந்தது. திரை மாறுவதற்கு முன்னாலேயே "பத்தும் நாலும் பதினாலு, நூத்தியேழு" என்றார். திரையில் 107 வந்தது.

விலை: வார நாளில் ஒரு ஆளுக்கு ஒரு ஆட்டம் 200 ரூபாய், சனி, ஞாயிறில் 300, ஷூ அதிலேயே அடக்கம். நாலு பேர் போனால் ஒரு ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் பிடிக்கும். சனி, ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குள் பிள்ளைகளுக்குப் பசி வந்துவிடும், அங்கே தின்பண்டம் விலை அதிகம், சுமார்தான். கீழே இறங்கி ஒரு பருத்திப்பால் குடித்துவிட்டு வந்துவிடலாம். வார நாளில் காலை 11 மணிக்குப் போனால் கூடம் காலியாக இருக்கும், பையன்களும் நிதானமாகப் பேசுவார்கள். லேன் 5 அல்லது 6 கேளுங்கள். லேன் 3 கொடுத்தால், ஒவ்வொரு தடவையும் பத்துப் பின்னும் இறங்கியிருக்கிறதா என்று எண்ணிவிட்டுப் பந்தை எடுங்கள்.